மலையகத்தின் கணக்கைத் தனியே காட்டுங்கள்: நிதி அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

நிதி அமைச்சின் செயலாளர் அவர்களுக்கும், ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தைத் தயாரிக்கும் திறைசேரி அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

ஹட்டனில் உயர்தர மாணவர்களுக்குப் பொருளியல் கற்பிக்கும் ஆசிரியை நான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையகப் பெருந்தோட்ட மக்களுக்கென ஓர் ஆண்டில் ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு, அதில் திறைசேரி விடுவித்தது எவ்வளவு, உண்மையில் செலவானது எவ்வளவு, எந்தத் தோட்டத்தில் எதற்குச் செலவானது என்பதைக் காட்டும் தனிக் கணக்கறிக்கை ஒன்றை வரவு செலவுத் திட்ட ஆவணங்களோடு ஆண்டுதோறும் நீங்கள் வெளியிட வேண்டும். அது மூன்று மொழிகளிலும் வர வேண்டும்.

இதை ஏன் உங்களிடம் கேட்கிறேன் என்பதற்கு விளக்கம் வேண்டும். எங்கள் மக்கள் குறை சொல்லப் போகும் இடங்கள் வேறு. பாதை உடைந்தால் தோட்டத் துரையிடம் போவார்கள். சம்பளம் போதாது என்றால் தொழிற்சங்கத் தலைவரிடம் போவார்கள். வீடு வேண்டுமென்றால் பாராளுமன்ற உறுப்பினரின் வாசலில் நிற்பார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக் கூரையை மாற்றும் பணத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்று வகுப்பில் கேட்டால், கம்பனி என்பார்கள், அமைச்சர் என்பார்கள். திறைசேரி என்று ஒரு பிள்ளை சொல்லி நான் கேட்டதில்லை. கொழும்பு லோட்டஸ் வீதியில் இருக்கும் உங்கள் அலுவலகத்துக்கும் தங்கள் வாழ்வுக்கும் நேரடித் தொடர்பு இருப்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்தத் தொடர்பு உங்கள் அமைச்சின் வயதைவிட மூத்தது.

நிதி அமைச்சர் என்ற பதவி இந்த நாட்டில் 1947இல்தான் வந்தது. அதற்கு முன் டொனமூர் அரசியல் யாப்பின் கீழ் 1931 முதல் நிதிச் செயலாளர் ஒருவர் இருந்தார். மக்கள் தெரிவு செய்த அமைச்சர்கள் ஒரு பக்கம் இருக்க, பணப்பெட்டியின் சாவியை ஆளுநர் நியமித்த அந்த அதிகாரி வைத்திருந்தார். அந்தப் பதவியைக் கடைசியாக வகித்தவர் ஒலிவர் குணதிலக. அதற்கும் முந்திய காலத்தில் குடியேற்ற அரசின் பொருளாளர் இருந்தார். பதவியின் பெயர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் 1830களுக்குப் பின் அந்தப் பெட்டிக்குள் விழுந்த காசில் பெரும்பங்கு மலையில் விளைந்த பொருளிலிருந்து வந்தது. முதலில் கோப்பி, பிறகு தேயிலை.

1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது. கோப்பி மூட்டைகளைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வதற்காகவே போடப்பட்ட பாதை அது. கோப்பியால் வரும் வருமானத்தை நம்பியே அரசு அந்தச் செலவில் இறங்கியது. அதே 1867இல்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டு ஆண்டுகளில் கோப்பி இலையில் துருநோய் தெரிந்தது. அந்த நோய் மெல்லப் பரவி, 1880களின் தொடக்கத்தில் கோப்பித் தோட்டங்களை அழித்துவிட்டது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதத்தில் கதவை மூடியது. அப்போது இலங்கையில் புழங்கிய காசுத் தாள்களில் பெரும்பகுதி அந்த வங்கி வெளியிட்டவை. கையில் இருக்கும் தாளுக்கு மதிப்பில்லை என்ற அச்சம் நாடெங்கும் பரவியது. ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்தத் தாள்களுக்கு அரசு பொறுப்பேற்கும் என்று அறிவித்தார். அந்த ஆண்டிலேயே காசுத் தாள் வெளியிடும் உரிமை தனியார் வங்கிகளிடமிருந்து அரசின் கைக்கு வந்தது. நாணய ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். 1950 ஆகஸ்ட் 28 அன்று மத்திய வங்கி தொடங்கும் வரை அந்த ஏற்பாடே நீடித்தது.

இதை நான் மாணவர்களுக்கு நிதானமாகச் சொல்லிக் கொடுப்பதுண்டு. மலையில் ஒரு செடி பட்டுப்போனதால், இந்த நாட்டில் அரசே காசுத் தாளுக்குப் பொறுப்பேற்க நேர்ந்தது. அந்தச் செடியின் அடியில் களை பிடுங்கியவர்கள் மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்துவந்தவர்கள். வழியில் இறந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. பிழைத்து வந்தவர்களுக்கு, அவர்களைக் கூட்டிவந்து வேலை வாங்கிய கங்காணியின் கடன் கணக்கு மட்டும் இருந்தது. கடன் தீராமல் தோட்டம் மாற முடியாதபடி அவர்களைக் கட்டிப்போட்ட துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. குறைந்தபட்சச் சம்பளத்துக்குச் சட்டம் வந்தது 1927இல்.

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்ததை நீங்கள் வேறு கோணத்திலிருந்து படித்திருப்பீர்கள். நான் எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். 1947இல் ஜே.ஆர். ஜயவர்தன முதல் நிதி அமைச்சரானார். அந்தப் பாராளுமன்றத்தில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் தேர்தலில் வென்ற மலையகப் பிரதிநிதிகள் இருந்தார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் 1949இல் தேர்தல் சட்டத்துக்கு வந்த திருத்தமும் அந்த மக்களின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. 1952 தேர்தலில் அவர்களுக்காக வென்று வர ஒருவரும் இல்லை. 1977இல் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா மஸ்கெலியா தொகுதியில் தெரிவாகும் வரை, நியமன உறுப்பினர்கள் ஓரிருவர் தவிர, மலையகத் தமிழரின் வாக்கால் வந்த குரல் அந்தச் சபையில் ஒலிக்கவில்லை. கால் நூற்றாண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஒரு நிதி அமைச்சர் எழுந்து நின்று வரவு செலவுத் திட்டத்தை வாசித்தார். தேயிலை மீதான ஏற்றுமதித் தீர்வை அரச வருமானத்தின் தூண்களில் ஒன்றாக அந்தத் திட்டங்களில் நின்றது. அந்தத் தேயிலையைப் பறித்தவர்களில் பெரும்பாலானோருக்கு வாக்கு இல்லை. அந்த வருமானத்தைக் கொண்டு நாடெங்கும் இலவசக் கல்வி வளர்ந்தது, வைத்தியசாலைகள் எழுந்தன. நான் அதைக் குறைசொல்லவில்லை. எனக்கும் பின்னர் அந்த இலவசக் கல்விதான் கிடைத்தது. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான் என்பதை மட்டும் பக்கத்தில் எழுதி வையுங்கள். அதுவரை பள்ளியும் மருந்தும் பாதையும் தோட்ட நிர்வாகத்தின் தயவில் இருந்தன. வருமானம் தேசியக் கணக்கில் சேர்ந்தது. அதை ஈட்டியவர்களின் தேவைகள் தோட்டத்துச் செலவுப் புத்தகத்தோடு நின்றன.

ஒவ்வொரு நிதி அமைச்சரைப் பற்றியும் பேச இங்கே இடமில்லை. 1953இல் அரிசி விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியதும் அதனால் வெடித்த ஹர்த்தாலும் எல்லோரும் அறிந்தவை. என்.எம். பெரேரா 1970இல் 50, 100 ரூபாத் தாள்களைச் செல்லாதவை ஆக்கியதும், ரொனி டி மெல் 1977இல் சந்தையைத் திறந்துவிட்டதும் பாடத்தில் இருக்கின்றன. 1973, 1974இல் தோட்டங்களில் பசியால் மக்கள் மடிந்தது மட்டும் பாடத்தில் ஒரு வரியாகக்கூட அழுத்தமாகச் சொல்லப்படுவதில்லை. உணவுப் பங்கீடு சுருங்கியது, இறக்குமதி நின்றது, வயல் இல்லாத தோட்ட மக்களுக்குத் தின்ன ஒன்றுமில்லை. எங்கள் தாத்தா பாட்டிகள் அந்த ஆண்டுகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

அதே காலத்தில்தான் நிலம் கைமாறியது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமை ஆயின. மக்கள் அந்தத் தோட்டங்களை ஜனவசமாகவும் (ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபை) அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் நடத்திய தோட்டங்களாகவும் அறிவார்கள். அவை நட்டத்தில் ஓடின, அந்த நட்டத்தைத் திறைசேரி சுமந்தது. அந்தச் சுமை தாங்க முடியாமல் 1992இல் நிர்வாகம் இருபதுக்கும் மேற்பட்ட பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. நிலம் அரசுடையது. கம்பனிகளுக்கு இருப்பது குத்தகை, அது 2045 வரைக்கும் ஓடும்.

இங்கேதான் உங்கள் பெயர் நேரடியாக வருகிறது. அந்தக் கம்பனிகள் ஒவ்வொன்றிலும் பொற்பங்கு எனப்படும் ஒரு சிறப்புப் பங்கு இருக்கிறது. அரசின் சார்பில் அதை வைத்திருப்பவர் திறைசேரிச் செயலாளர். தோட்டக் காணியை உப குத்தகைக்கு விட அந்தப் பங்காளரின் சம்மதம் வேண்டும். கம்பனியின் கணக்குப் புத்தகங்களைப் பார்க்கும் உரிமையும் அந்தப் பங்குக்கு உண்டு. கொழுந்து நிறுக்கும் தராசுக்கும், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துக்கும் பின்னால் நாட்டின் திறைசேரி பங்காளராக நிற்கிறது என்பதை எத்தனை தொழிலாளர்கள் அறிவார்கள்? சம்பளப் பேச்சுவார்த்தை முறியும்போதெல்லாம் அரசு நடுவர் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. நிலத்தின் சொந்தக்காரரும் சிறப்புப் பங்கின் உரிமையாளரும் நடுவராக முடியாது ஐயா. நீங்கள் இந்த விடயத்தில் ஒரு தரப்பு. தரப்பாக இருப்பவருக்குக் கணக்குக் காட்டும் கடமை இருக்கிறது. என் கோரிக்கை நிற்கும் முதல் கால் இதுதான்.

அடுத்தது சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டின் சட்டத்தின்படி தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதமும் வேலைகொடுப்பவர் தரும் 12 சதவீதமும் ஊழியர் சேமலாப நிதியத்தில் சேர்கின்றன. மத்திய வங்கி அதை நிர்வகிக்கிறது. அந்தப் பணத்தில் மிகப் பெரிய பகுதி அரசின் பிணைமுறிகளில் இடப்பட்டிருக்கிறது. எளிமையாகச் சொன்னால், முப்பது ஆண்டு மலையேறிக் கொழுந்து பறித்த பெண் தன் முதுமைக்குச் சேர்த்த காசை அரசுக்குக் கடனாகக் கொடுத்திருக்கிறாள். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் சுமார் 3 பில்லியன் டொலர் திட்டம் கிடைத்தது. அதே ஆண்டு ஜூலை 1ஆம் திகதி பாராளுமன்றம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை ஏற்றுக்கொண்டது. வங்கிகளிடமிருந்த பிணைமுறிகளைத் தொடவில்லை. ஓய்வுகால நிதியங்களிடமிருந்தவை மாற்றப்பட்டன. புதிய பிணைமுறிகளுக்கு 2025 வரை 12 சதவீத வட்டி, அதற்குப் பிறகு 9 சதவீதம். இணங்காத நிதியத்துக்கு வரி 14 சதவீதத்துக்குப் பதிலாக 30 சதவீதம். உறுப்பினருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 9 சதவீத வட்டி கிடைக்கும் என்று அரசு உறுதி கூறியது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். வங்கிகள் கவிழ்ந்தால் எல்லோருக்கும் ஆபத்து என்ற உங்கள் வாதமும் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த முடிவு எடுக்கப்பட்டபோது, அது தன் சேமிப்பை எப்படித் தொடும் என்று ஒரு தோட்டத் தொழிலாளிக்கு அவள் மொழியில், அவள் பிரட்டுக்களத்தில் யார் விளக்கினார்கள்? நாட்டின் கடன் சுமையில் அவளுக்கும் பங்கு வைத்தீர்கள். அந்தப் பங்கு எவ்வளவு என்று அவளுக்குக் காட்டவில்லை.

அரச பெருந்தோட்ட நிறுவனங்களிலேயே சேமலாப நிதியும் பணிக்கொடையும் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடந்த கதையை இங்கே விரிக்க எனக்கு மனமில்லை. அது கோபத்தில் போய் முடியும்.

தோட்ட மக்கள் வரி கட்டாதவர்கள், நிவாரணத்தில் வாழ்பவர்கள் என்ற பேச்சைக் கொழும்பில் படித்தவர்கள் வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன். வருமான வரி கட்டுமளவுக்கு அவர்களுக்குச் சம்பளம் இல்லை, உண்மைதான். ஆனால் இந்த நாட்டின் வரி வருமானத்தில் பெரும்பகுதி பொருட்கள் மீதும் சேவைகள் மீதும் விழும் மறைமுக வரி. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். சவர்க்காரம் வாங்கும் தோட்டத் தாயும் தொலைபேசிக்கு ரீலோட் போடும் அவள் மகனும் கொழும்பு வர்த்தகர் கட்டும் அதே வீதத்தில் கட்டுகிறார்கள். வருமானம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு ஆழமாக அந்த வரி அதில் இறங்குகிறது. தேயிலை 2024இல் 1.4 பில்லியன் டொலருக்கும் மேல் ஈட்டித் தந்தது. ஈரானுக்கு வைத்திருந்த எண்ணெய்க் கடன் சுமார் 25 கோடி டொலரைத் தேயிலை அனுப்பித் தீர்ப்பதென்று 2021 டிசம்பரில் உடன்பாடானது. நாட்டின் கடனைத் தேயிலையால் அடைக்கிறோம் என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட பின்னும் எங்களைச் சுமை என்று சொல்வது நியாயமா?

இப்போது செலவுப் பக்கத்துக்கு வருகிறேன். 2019இல் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய குடும்ப வருமான செலவின ஆய்வில் நாட்டின் வறுமை வீதம் 14.3 சதவீதம். நகரத்தில் 6, கிராமத்தில் 15, தோட்டத்தில் 33.8. நெருக்கடிக்கு முந்திய கணக்கு இது. மூன்றில் ஒருவர் வறுமையில் இருந்த ஒரு சமூகத்துக்கு அரசு எவ்வளவு செலவிட்டது என்று தேடப் போனால் விடை ஓரிடத்தில் இல்லை. வீடமைப்புக்குப் பெருந்தோட்ட உட்கட்டமைப்புக்குப் பொறுப்பான அமைச்சின் தலைப்பில் ஒரு தொகை, பள்ளிக்குக் கல்வி அமைச்சிலும் மாகாண சபையிலும் வேறு தொகைகள், வைத்தியசாலைக்குச் சுகாதார அமைச்சில் இன்னொன்று. 2018ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த மலையக அபிவிருத்தி அதிகாரசபைக்கு ஒன்று, இந்திய உதவியில் கட்டப்படும் வீடுகள் வேறொரு கணக்கில். ஒரு பிடி மிளகைக் காட்டில் வீசிவிட்டுத் தேடச் சொல்வதுபோல் இருக்கிறது. உரையில் அறிவிக்கப்படும் தொகை மறுநாள் பத்திரிகைகளின் முதற்பக்கத்தில் வருகிறது. ஆண்டு முடிவில் அதில் எவ்வளவு செலவானது என்பது எந்தப் பக்கத்திலும் வருவதில்லை. எங்கள் ஊரில் அரசியல் பேசுவோர் எல்லோரும் ஒதுக்கீட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். செலவைப் பற்றிப் பேச அவர்களிடம் எண் இல்லை.

உள்ளூராட்சியைப் பாருங்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த சபை, தோட்டத்துக்குள் ஒரு விளக்கு போட முடியாமல் இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. முப்பத்தோர் ஆண்டுகள் கழித்து. திருத்தம் வந்த பிறகு எத்தனை சபைகள் தோட்டங்களுக்குள் எவ்வளவு செலவு செய்தன? நான் கேட்கும் அறிக்கை இருந்தால் என் மாணவர் ஒருவர் பத்து நிமிடத்தில் விடை சொல்லிவிடுவார்.

அஸ்வெசும நலன்புரித் திட்டத்துக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க நானும் சில ஆசிரியர்களும் 2023இல் தோட்டங்களுக்குப் போனோம். அதைத் தொடங்கியபோது நலன்புரி நன்மைகள் சபை உங்கள் அமைச்சின் கீழேயே இருந்தது. ஒரு லயக் காம்பிராவில் மூன்று குடும்பங்கள். மின்மானி ஒன்று. படிவம் கேட்ட கேள்விகளோ தனி வீடும் தனி முகவரியும் உள்ளவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. வீடு யாருடையது என்ற கேள்விக்கு என்ன எழுதுவது? தோட்டத்துடையது என்றால் கம்பனியா, அரசா? மின்சாரம் எவ்வளவு பாவிக்கிறீர்கள் என்றால் யாருடைய பாவனையை எழுதுவது? படிவத்தை வடிவமைத்தவர்கள் தீய எண்ணம் கொண்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் மேசையில் மலையகம் பற்றிய தனி எண் எதுவும் இல்லாததால் மலையகம் அவர்கள் கண்ணில் படவில்லை. கணக்கில் இல்லாதது திட்டத்திலும் இல்லாமல் போகும்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் இதைக் கொடூரமாகக் காட்டிவிட்டது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலை சரிந்து வீடுகளை மூடியது. இழப்பீட்டையும் மீள்கட்டுமானத்தையும் பற்றிய சுற்றறிக்கைகள் எழுதப்படும்போது, வீடு இழந்தவர் காணி உறுதி வைத்திருப்பார் என்ற நினைப்பு எழுதுபவர்களின் மனதில் இருந்தால், நான்கு தலைமுறையாக அதே லயத்தில் இருந்தவர் எதைக் காட்டுவார்? அவர் வாழ்ந்த நிலத்தின் சொந்தக்காரர் அரசு. குத்தகைக்காரர் கம்பனி. பொற்பங்கு உங்களிடம். இறந்தவர்களின் உறவுகள் இந்த மூன்றுக்கும் நடுவில் நிற்கிறார்கள்.

உங்கள் பக்கமிருந்து வரக்கூடிய பதில்களை யோசித்துப் பார்த்தேன். வரவு செலவுத் திட்டம் அமைச்சு வாரியாகத் தயாரிக்கப்படுகிறது, மக்கள் பிரிவு வாரியாகப் பிரிக்க இயலாது என்பீர்கள். செலவினத் தலைப்புகளை மாற்றும்படி நான் கேட்கவில்லை. ஒவ்வொரு கருத்திட்டத்துக்கும் குறியீடு இருக்கிறது. பெருந்தோட்டப் பகுதிக்குப் போகும் செலவுக்குக் கூடுதலாக ஓர் அடையாளக் குறியை அமைச்சுகள் இட வேண்டும் என்று உங்கள் சுற்றறிக்கையில் ஒரு பந்தி சேர்த்தால் போதும். ஆண்டு முடிவில் அந்தக் குறி உள்ளவற்றைத் திரட்டினால் அறிக்கை ஆயிற்று. இன அடிப்படையில் கணக்குப் பிரிப்பது நல்லதல்ல என்று வேறு சிலர் சொல்லலாம். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். அரசின் புள்ளிவிபரமே நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகத்தான் பார்க்கிறது. வறுமையைத் தோட்டம் என்று பிரித்து அளக்க முடியுமானால் செலவையும் அப்படி அளக்க முடியும். தோட்டத்தில் வாழும் சிங்கள, முஸ்லிம் குடும்பங்களும் அந்தக் கணக்கில் வரட்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே, விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ளலாமே என்ற பதிலும் வரும். 2016இல் வந்த அந்தச் சட்டம் நல்ல சட்டம். ஆனால் ஏழெட்டு அமைச்சுகளுக்கும் மாகாண சபைக்கும் தனித்தனியே விண்ணப்பித்து, வரும் பதில்களைக் கூட்டிப் பார்த்துத் தன் ஊரின் கணக்கை அறியும்படி ஒரு தொழிலாளியிடம் சொல்வது, அறிய வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். யாரும் கேட்காமலே அரசு தானாக வெளியிட வேண்டிய தகவல்கள் உண்டு என்பதையும் அதே சட்டம்தான் சொல்கிறது.

தொடங்குவதற்கு நல்ல சந்தர்ப்பம் ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை 2025 நவம்பர் 7ஆம் திகதி ஜனாதிபதி, நிதி அமைச்சர் என்ற முறையில் சமர்ப்பித்தபோது, தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1350 ரூபாவிலிருந்து 1750 ரூபாவாக உயர்த்தும் முன்மொழிவை வைத்தார். அதில் 200 ரூபா கம்பனிகளின் பங்கு. மற்ற 200 ரூபாவை வேலைக்கு வரும் நாளுக்கான ஊக்குவிப்பாக அரசு கொடுக்கும் என்றும் அதற்கு 500 கோடி ரூபா ஒதுக்கப்படும் என்றும் சொன்னார். தனியார் கம்பனியின் சம்பளச் சீட்டில் திறைசேரியின் பணம் ஒரு வரியாக ஏறுகிறது. இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். 1000 ரூபாவுக்காக எத்தனை ஆண்டு தெருவில் நின்றோம், 1700 ரூபா என்று வர்த்தமானியில் வந்த அறிவித்தல் 2024இல் எப்படி நீதிமன்றம் வரை போய் 1350இல் முடிந்தது என்பதை அறிந்தவர்களுக்கு இந்த 200 ரூபாவின் அருமை தெரியும்.

அந்த அருமையினால்தான் அதன் கணக்கை முதலில் கேட்கிறேன். எந்தத் தோட்டத்தில் எத்தனை பேருக்கு எத்தனை நாளுக்கு அந்த ஊக்குவிப்பு போனது? கம்பனி வேலை நாளைக் குறைத்த மாதங்களில் என்ன ஆனது? அரைப் பேர், அதாவது அரை நாள் வேலை என்று, போட்ட நாளுக்கு எப்படிக் கணக்கிடப்பட்டது? குறித்த கிலோ பறிக்காவிட்டால் அரைப் பேர் போடும் வழக்கத்தை நீங்கள் லோட்டஸ் வீதியில் அறிந்திருக்க மாட்டீர்கள், எங்களுக்கு அது அன்றாடம். ஒதுக்கிய தொகையில் மீதி இருந்தால் அது எங்கே திரும்பியது? இந்தக் கேள்விகளுக்குத் தோட்ட வாரியாக விடை எழுதினாலே நான் கேட்கும் அறிக்கையின் முதல் அத்தியாயம் தயாராகிவிடும். வீடு, பாதை, பள்ளி, குடிநீர் ஆகியவற்றை அடுத்தடுத்த ஆண்டுகளில் சேர்க்கலாம்.

அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை பொது நிதியின் மீது பாராளுமன்றத்துக்கு முழுக் கட்டுப்பாட்டைக் கொடுக்கிறது. 2024ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கப் பொது நிதி முகாமைத்துவச் சட்டம் வந்த பிறகு, வட்டி நீங்கலான அரச செலவுக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 சதவீதம் என்ற உச்ச வரம்பும் இருக்கிறது. அந்த வரம்புக்குள் ஒவ்வோர் ஆண்டும் எதை வெட்டுவது, எதை வைப்பது என்று நீங்கள் தீர்மானிக்கப் போகிறீர்கள். அந்த மேசையில் மற்ற எல்லாத் துறைகளுக்கும் எண் இருக்கும்போது எங்களுக்கும் ஓர் எண் இருக்கட்டும்.

அறிக்கை வெளிவந்தால், அதில் போடப்பட்டதாகச் சொல்லப்படும் பாதை அந்தத் தோட்டத்தில் இருக்கிறதா, கட்டியதாகச் சொல்லப்படும் வீட்டில் ஆட்கள் குடியிருக்கிறார்களா என்று போய்ப் பார்த்து எழுதி அனுப்ப ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பதுளைப் பகுதிகளில் ஆசிரியர்களும் இளைஞர்களும் ஆயத்தமாக இருக்கிறோம். பிழை கண்டால் சொல்வோம், சரியாக இருந்தால் அதையும் சொல்வோம். அந்தக் கடிதங்களை எந்த அதிகாரியின் பெயருக்கு அனுப்ப வேண்டும் என்பதை அறிக்கையின் முதற்பக்கத்தில் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து ஒரு பொருளியல் ஆசிரியை